சந்தேகத்துக்கு ஒரு குச்சி: சாலவாக்கம் பக்கம் ஏரிக்கரையில் பத்து நாள் நடை

மனசு அமைதிக்காக எங்கே நடக்கப் போகலாம் என்று இந்தப் பக்கத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மலை சொல்வேன், கடற்கரை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப் போவது உத்திரமேரூர் பக்கம், சாலவாக்கத்துக்கு அருகே, பெயர் சொன்னால் நாலு ஊர் தள்ளி யாருக்கும் தெரியாத ஒரு கிராமத்தின் ஏரிக்கரையை. நான் போனது எண்பத்துமூன்றாம் வருஷம், கார்த்திகை மாதம். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. இத்தனை வருஷம் கழித்து பஸ் சார்ஜ் எல்லாம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த நாளில் நான் எதையும் பத்துத் தடவை சரிபார்க்காமல் விட்டதில்லை. வியாதியே அதுதான்.

புரசைவாக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. ஒருநாள் சாயங்காலம் ஒரு குழந்தைக்குப் போக வேண்டிய பாட்டிலை விட்டுவிட்டுப் பக்கத்துப் பாட்டிலை எடுத்து நீட்டிவிட்டேன். அங்கிருந்த நர்ஸ் பார்த்துத் தடுத்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாரும் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து லேபிளைப் படிப்பேன், சீட்டைப் படிப்பேன், மறுபடி லேபிள், மறுபடி சீட்டு. வரிசை வாசல் தாண்டி நிற்கும். மருந்து வாங்கிப் போனவர்கள் பின்னாலேயே தெருவில் ஓடி, “ஒரு நிமிஷம், அதைக் காட்டுங்க” என்று பையைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் ஒரு மாதம் லீவு கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போதும் இப்படியே இருந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று பக்குவமாகத்தான் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் அந்த வேலையை விட்டால் நான் யார் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே ஒன்று சொன்னார்: “தினமும் காலையில நடங்க. நடக்கும்போது சந்தேகம் வந்தா திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது. என்ன ஆனாலும் சரி, திரும்பாதீங்க.” என் நாத்தனார் வசந்தா அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். “பட்டணத்துல எங்க நடப்பீங்க அண்ணி, இங்க வாங்க” என்று கடிதம் போட்டாள். வீட்டுக்காரர் கையோடு பஸ் ஏற்றிவிட்டார்.

பாரிமுனையில் காலை ஐந்து நாற்பதுக்கு காஞ்சிபுரம் வண்டி. எழுபத்தைந்து கிலோமீட்டர், ஆறு ரூபாய் சொச்சம், வழியெல்லாம் மழை. எட்டரைக்குக் காஞ்சிபுரத்தில் இறங்கி நாஷ்டா முடித்து உத்திரமேரூர் வண்டி பிடித்தேன். அது இருபத்தெட்டு கிலோமீட்டர், இரண்டு ரூபாய். பாலாற்றில் மணலே கண்ணில் படவில்லை, கரைக்குக் கரை தண்ணீர். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ் தொண்ணூறு காசு. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட் சரியான ஊருக்குத்தானா என்று நான் பார்த்த பார்வையில் கண்டக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்ச தூரம் போய் வண்டி நின்றது.

“ஏரி ரொம்பிகீதும்மா. ரோட்டு மேல தண்ணி ஓடுது, வண்டி அந்தாண்ட போவாது. இங்கயே எறங்கி நடந்துக்கோ.”

“எவ்வளவு தூரம்?”

“இன்னா, ரெண்டு மைலு இருக்கும். பொடிநடையா போனா சோத்து வேளைக்குப் பூடலாம்.”

நடக்கத்தானே வந்தேன், நடந்தேன். முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையில் பெட்டியோடு நான் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து வசந்தா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

அந்த ஏரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரை ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம், பிறை மாதிரி வளைந்து போகும். கரை நெடுகப் பனைமரங்கள். ஒரு பக்கம் தண்ணீர் விளிம்பு வரை தளும்பிக்கொண்டு நிற்கும். மறுபக்கம் இரண்டு ஆள் ஆழத்தில் சம்பா வயல், பயிர் பிடித்து ஒரே பச்சை. கரையின் அடியை ஒட்டியே காலனி, முப்பது முப்பத்தைந்து குடிசை. அதாவது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு ஊரே சோறு பொங்கிச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறது. நடுவில் இருப்பது வெறும் மண். முதல் நாள் இதை நான் கவனிக்கவே இல்லை. கொக்கு எவ்வளவு, நாரை எவ்வளவு என்று பார்த்து மயங்கி நின்றேன். காலை ஆறு மணிக்கு வெயில் தண்ணீரில் பட்டு வரும்போது அப்படி ஒரு அழகு. அது போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. முதல் நாலு நாள் கரையின் மேலே நடந்தேன். கண் கொக்கைப் பார்க்கும், மண்டை லேபிளைப் படிக்கும். வசந்தா வீட்டுக் கதவைச் சாத்தினேனா? காலையில் மாத்திரை ஒன்று போட்டேனா, இரண்டா? இருபது பனை தாண்டுவதற்குள் நாலு தடவை திரும்பி வீட்டுக்குப் போய்விடுவேன். டாக்டர் சொன்னது நினைவுக்கு வரும், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கரைக்கு வருவேன். அழகான இடத்தில் நடந்தால் மனசு தானாக அடங்கிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அழகு பாட்டுக்கு அது இருக்கும், புத்தி பாட்டுக்கு அது ஓடும்.

ஐந்தாம் நாள் கரைக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“யக்கா, எதுனா தொலச்சிட்டீங்களா? நாலு நாளா பாக்குறேன், போறீங்க வர்றீங்க, போறீங்க வர்றீங்க.”

செல்வமேரி. காலனியில் குடியிருப்பவள், என் வயதுதான் இருக்கும். ஏரி நிரம்பியிருக்கிற நாட்களில் கரை எங்காவது கசிகிறதா என்று தினம் பார்க்கிற பொறுப்பு அவள் வீட்டுக்கு உரியது. புருஷன் காலில் மண்வெட்டி பட்டுப் படுத்துவிட்டதால் அந்த வருஷம் அவள் நடந்துகொண்டிருந்தாள். எதைத் தொலைத்தேன் என்று சொல்ல எனக்கும் யாரும் அதுவரை கிடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாட்டில், குழந்தை, தெருவில் ஓடியது, எல்லாம். அவள் “அடப்பாவமே” என்று ஒன்று சொன்னாள், அவ்வளவுதான். பிறகு, “செருப்பக் கயட்டிட்டு கீய வாங்க. சும்மா நடக்கிறதுக்கு என்கூட நடங்க” என்றாள்.

அவள் நடக்கிற விதத்தை எப்படிச் சொல்வேன்! கரை வயலோடு சேருகிற அடிப்பகுதியில், வெறுங்காலில், குதிகாலை ஊன்றி, பாதம் முழுக்கத் தரையில் படும்படி வைத்து, ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த அடி. அவசரமே கிடையாது. பேச்சும் கிடையாது. கண்கூட அவ்வளவு வேலை செய்யவில்லை, எல்லாம் பாதம்தான். கார்த்திகைப் பனியில் புல்லெல்லாம் நனைந்திருக்கிறதே, இதில் கசிவு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“பனி ஈரம் கால் மேல ஒட்டும். கசிவு ஈரம் அடிலேர்ந்து வரும், சில்லுனு ஏறும். வச்சிப் பாருங்க, தெரியும்.”

“கசிஞ்சா என்ன பண்ணுவே?”

“தெளிவா வந்தா பயமில்ல, ஏரின்னா ரவ கசியத்தான் செய்யும். கலங்கலா வந்தாத்தான் பேஜாரு. உள்ள மண்ணத் தின்னுக்கினு வருதுன்னு அர்த்தம்.”

இடுப்பில் வேலிக்காத்தான் குச்சிகள் ஒரு கட்டு செருகியிருந்தாள். சில இடத்தில் நின்று, யோசித்து, ஒரு குச்சியை நட்டுவிட்டு நடந்தாள். கரைக் கோடி வரை போய்விட்டு அதே வழியில் திரும்பி வந்தாள். குச்சி நட்ட இடத்தில் ஒரே ஒரு தடவை பாதத்தை வைத்தாள். காய்ந்த மண் என்றால் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். இன்னொரு தடவை வைத்துப் பார்க்கவில்லை.

“அதெப்படி மேரி? ஒரு தடவை பார்த்தா போதுமா? தப்பா இருந்தா?”

“நாளைக்கும் நான்தானேக்கா வரப் போறேன்” என்றாள். அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. எனக்கோ, ஒரு மாதமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியதை யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த இரண்டு நாள் அவள் பின்னால் பத்தடி விட்டு நடந்தேன். காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினால் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றேகால் கிலோமீட்டருக்கு அவ்வளவு நேரமா என்று சிரிக்காதீர்கள், வெறுங்காலில் ஒவ்வொரு அடியும் யோசித்து வைத்துப் பாருங்கள். நண்டு வளை பக்கத்து மண் பொதபொத என்றிருக்கும். மாடு போன தடம் இறுகிக் கிடக்கும். பனைமரத்தடியில் மட்டும் மண் கொஞ்சம் வெதுவெதுப்பு. பாதத்தில் இவ்வளவு விஷயம் வந்து சேருகிறபோது மண்டையில் லேபிள் படிக்க ஆள் இருப்பதில்லை. ஏழாம் நாள் கரைக் கோடியில் உட்கார்ந்தபோதுதான், போன அரைமணி நேரமாக எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்று தெரிந்தது. அழுதுவிட்டேன். மேரி பார்க்காத மாதிரி முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் ராத்திரி முழுக்க ஊற்றித் தள்ளிவிட்டது. எட்டாம் நாள் காலையில் ஏரித் தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. அலை உள்பக்கக் கரையை அடித்துக்கொண்டிருந்தது.

“யக்கா, இன்னிக்கு நான் மேல தண்ணி பக்கம் பாத்துக்கினு வர்றேன். நீங்க கீய பாத்துக்கினு வாங்க” என்று குச்சிக் கட்டில் பாதியை என் கையில் கொடுத்தாள். என்னை நம்பி ஒரு வேலை! பெருமை தாங்கவில்லை எனக்கு.

நாற்பதாவது பனை தாண்டியிருப்பேன். இடது பாதத்தின் அடியில் சில்லென்று ஒன்று ஏறியது. நின்றேன். கையில் குச்சி இருந்தது. நடவில்லை. ஏன் தெரியுமா? இது அந்தப் பழைய வியாதி, மறுபடி தலை காட்டுகிறது என்று நினைத்தேன். நட்டால் திரும்பி வந்து பார்க்க வேண்டும், டாக்டர் திரும்பக் கூடாது என்றாரே. என் சந்தேகத்துக்கெல்லாம் குச்சி நட ஆரம்பித்தால் அந்தத் தாலுகாவில் வேலிக்காத்தானே மிஞ்சாது என்றும் ஒரு கூச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தேன். திரும்பி வரும்போதும் அந்த இடத்தைக் கொஞ்சம் விலகியே நடந்தேன்.

“எதுனா கீதா?” என்று மேலேயிருந்து கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

மழைக்காக அன்று பள்ளிக்கூடம் லீவு. வீட்டுக்கு வந்ததும் வசந்தா ஆசையாக, “அண்ணி, வாசல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு ஒரு தடவைகூடத் திரும்பல நீங்க!” என்று இட்லி வைத்தாள். அவள் பாராட்டினாள், நான் தட்டைத் தள்ளி வைத்தேன். உட்கார்ந்து யோசித்தேன். என்னைப் படுத்துகிற சந்தேகம் எப்போதும் பேச்சாகத்தான் வரும். ‘ஒருவேளை அப்படி இருந்தால்? அப்புறம் இப்படி ஆனால்?’ என்று மூச்சு விடாமல் நச்சரிக்கும். காலையில் வந்ததில் பேச்சே இல்லை. பாதம் சில்லென்றது, அவ்வளவுதான். பேச்சையெல்லாம் அதற்கப்புறம் சேர்த்தது நான். எழுந்தேன். “எங்க போறீங்க?” என்று வசந்தா கத்தினாள். “திரும்பிப் போறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மணி பத்தே கால் இருக்கும். நாற்பதாவது பனையிலிருந்து பாதம் பாதமாக வைத்துப் போனேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. புல்லுக்கு நடுவில் சுண்டுவிரல் தடிமனில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. டீத்தண்ணி நிறம். கலங்கல். மடிந்து உட்கார்ந்து கத்தினேன் பாருங்கள், ஆயுசுக்கும் அப்படிக் கத்தியதில்லை.

காலனியே ஓடி வந்தது. ஊர்த்தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கோணிப்பையில் மண்ணை அள்ளி ஊற்றுக்கண்ணைச் சுற்றி அடுக்கினார்கள். மேரியின் கொழுந்தன் ஏரிக்குள் இறங்கி, தண்ணீர் இழுக்கிற இடத்தைக் காலாலேயே தேடிக் கண்டுபிடித்தான். நண்டு வளைதான் பெருத்துப் போயிருந்தது. வைக்கோலையும் களிமண்ணையும் பந்து பந்தாக உருட்டி உள்ளே திணித்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று மண்கூடை மாற்றினோம். பன்னிரண்டு மணிக்குக் கலங்கல் தெளிந்தது. இரண்டு மணிக்குக் கசிவு நின்றது. அந்த வளைக்கு நேர் கீழே நாலாவது குடிசை மேரியுடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

எல்லோரும் எனக்கு மோர் கொடுத்து, “டீச்சரம்மா அண்ணி இல்லன்னா இன்னா ஆயிருக்கும்” என்று கொண்டாடினார்கள். மேரி மட்டும் கிட்டே வரவில்லை. கூட்டம் கலைந்ததும் வந்தாள்.

“காலைலயே தெரிஞ்சிச்சா?”

“தெரிஞ்சுது. என் வியாதின்னு நினைச்சேன்.”

“கையில குச்சி குடுத்தேன்ல?” முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினாள். “என் புள்ளைங்க அங்க தூங்கிக்கினு இருந்துச்சிக்கா! வியாதியோ நெசமோ, அத்த ஏன் நீ தலைல தூக்கிக்கினு வூட்டுக்குப் போற? குச்சி நட்டுட்டுப் போ. ஒரு தபா காலை வச்சிப் பாரு. ஈரம்னா சத்தம் குடு. காஞ்சிகீதுன்னா புடுங்கிப் போட்டு அப்பால நட. நூறு நட்டா இன்னா? காட்டுலதானே கீது குச்சி!”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவளும் உதறவில்லை. என்னை ஆற்றித் தேற்றியவர்கள் எத்தனையோ பேர். கோபித்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் நான் பதினான்கு குச்சி நட்டேன். திரும்பி வரும்போது பதினான்கிலும் பாதம் வைத்தேன், ஒரே ஒரு தடவை. எல்லாம் காய்ந்த மண். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது இன்னொரு தடவை வைத்துப் பாரேன் என்று உள்ளே கெஞ்சும். கெஞ்சட்டும் என்று நடந்தேன். மேரி எண்ணிப் பார்த்தாள், சிரிக்கவில்லை. பத்தாம் நாள் ஆறு. அன்று மத்தியானம் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

நடக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கார்த்திகை, மார்கழி, தை அருமையான காலம், ஏரியும் நிரம்பியிருக்கும், வெயிலும் உறைக்காது. பஸ் நேரமெல்லாம் இப்போது மாறியிருக்கும், உத்திரமேரூரில் இறங்கிக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலில் நடப்பதென்றால் முள்ளும் பாம்பும் உண்டு, விடிந்த பிறகு போங்கள். ஏரிக்கரை பூங்கா அல்ல, அது ஊரின் உயிர். ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். போனில் பாட்டு கேட்டுக்கொண்டு நடக்காதீர்கள், அதற்கு மொட்டை மாடியே போதும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடக்கிறோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள், நான் ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன். டாக்டர் சொன்னதிலும் தப்பில்லை, என்னைப் போல நாற்பது தடவை திரும்புகிறவளிடம் திரும்பாதே என்றுதான் யாரும் சொல்வார்கள். திரும்புவதற்கும் ஒரு அளவு உண்டென்று எனக்கு அந்தக் கரையில்தான் தெரிந்தது.

லீவு முடிந்து வேலையில் உட்கார்ந்த முதல் நாள், முதல் சீட்டு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து. இடுப்பில் பிள்ளையோடு ஒரு அம்மா நின்றாள். சீட்டைப் படித்தேன், பாட்டிலை எடுத்தேன், லேபிளைப் படித்தேன், ஒரு தடவை. கொடுத்தேன். அவள் வாசலில் இறங்கித் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் ஓட எழுந்தே விட்டேன். வரிசையில் அடுத்து நின்ற பெரியவர், “என்னம்மா, என்னை விட்டுட்டு எங்கே?” என்றார். உட்கார்ந்தேன். கையை நீட்டி அவர் சீட்டை வாங்கினேன்.